தெருவில் பிறந்த மோஸ்தரும் உருவப்படக் கலையும்

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. பெரியவர்கள் இதனைச் சொல்லும்போது, ஒழுங்காக உடுத்துங்கள் என்று இளைஞர்க்கு அறிவுறுத்துவதே பெரும்பாலும் அவர்கள் கருத்தாக இருக்கும். நானும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் அந்தப் பொருளிலேயே இதனைச் சொல்லி வந்தேன். ஆனால், இப்பழமொழிக்கு மற்றொரு பொருளும் உண்டு. ஆடை பாதி என்றால், எஞ்சிய பாதி ஆள் அல்லவா? ஆடையைக் கண்டவுடன் ஒருவனை எடைபோட்டுவிட்டு நகர்ந்து போகிறவன், பாதியைக் கண்டவனேயன்றி முழுமையைக் கண்டவன் ஆகான். இந்த இரண்டாவது பொருளை எனக்குக் கற்பித்தவை நூல்கள் அல்ல. லண்டன், நியூயார்க் ஆகிய பெருநகரங்களின் தெருக்களில் எடுக்கப்பட்ட சில நிழற்படங்களே. அவற்றைப் பற்றித்தான் இன்று உங்களுடன் பேச எண்ணுகிறேன்.

மோஸ்தர் என்பது என்ன? ஒரு காலத்தில், ஒரு கூட்டத்தார், இதுவே அழகு என்று ஏற்றுக்கொண்டு உடுத்தும் முறையே மோஸ்தர். அது எங்கே பிறக்கிறது? அரண்மனையிலும் செல்வர் மாளிகையிலும் பிறந்து, படிப்படியாகக் கீழே இறங்கி வருகிறது என்றுதான் நெடுங்காலமாகப் பலரும் எண்ணி வந்தனர். கேயார்க் சிம்மல் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1904ஆம் ஆண்டு வெளியான ஒரு கட்டுரையில் இதனைத் தெளிவாக விளக்கினார். மேல்தட்டினர் ஒரு பாணியைக் கைக்கொள்கின்றனர். கீழ்த்தட்டினர் அதனைப் பார்த்துப் பின்பற்றுகின்றனர். எல்லோரிடமும் அது பரவியதும், மேல்தட்டினர் அதனைக் கைவிட்டு வேறொன்றைத் தேடிச் செல்கின்றனர். இதுவே அவர் கண்ட நியதி. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் பாய்வது போன்ற இந்த விளக்கம், அவர் காலத்துக்குப் பெரிதும் பொருந்தியது. ஆனால், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நீர் பள்ளத்திலிருந்து மேட்டுக்கும் ஏறத் தொடங்கியது. அந்த விந்தை முதன்முதலில் தெளிவாகக் காணப்பட்ட இடங்களுள் ஒன்று லண்டன் மாநகரம்.

போர்க்காலத்தில் இங்கிலாந்தில் துணிக்கும் ரேஷன் இருந்தது. 1941ஆம் ஆண்டு ஜூன் மாதம் தொடங்கிய அந்தக் கட்டுப்பாடு, 1949 மார்ச் மாதத்தில்தான் நீங்கியது. ஒரு சட்டைக்கு எத்தனை சீட்டு, ஒரு மேலங்கிக்கு எத்தனை சீட்டு என்று கணக்குப் பார்த்து உடுத்திய காலம் அது. போர் முடிந்ததும், செல்வர்க்கு ஆடை தைக்கும் சாவில் ரோ தையற்காரர்கள், ஏழாம் எட்வர்டு மன்னர் காலத்துப் பாணியை மீண்டும் புழக்கத்துக்குக் கொண்டுவர முயன்றார்கள். நீண்ட மேலங்கி, வெல்வெட் கழுத்துப்பட்டை, வேலைப்பாடுள்ள உள்ளங்கி, காலை ஒட்டிய ஒடுங்கிய காற்சட்டை ஆகியவை அப்பாணியின் அடையாளங்கள். செல்வக் குடும்பத்து இளைஞர்களும் காவற்படை அதிகாரிகளும் அதனை விரும்பி உடுத்தினர்.

அப்போது எவரும் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. தென் லண்டனிலும் கிழக்கு லண்டனிலும் வாழ்ந்த தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் அந்த ஆடையைத் தமதாக்கிக்கொண்டனர். பதினைந்து வயதில் பள்ளியை விட்டு ஆலையிலும் பட்டறையிலும் வேலைக்குச் சேர்ந்தவர்கள் அவர்கள். வாரக் கூலியில் மிச்சம் பிடித்தும், தையற்காரருக்குத் தவணை கட்டியும் அந்த நீண்ட மேலங்கியைத் தைத்துக்கொண்டனர். அத்துடன் நிற்காமல், அமெரிக்கத் திரைப்படங்களில் கண்ட மெல்லிய கழுத்துப்பட்டியையும், தடித்த ரப்பர் அடியுள்ள காலணியையும், எண்ணெய் பூசி முன்புறம் உயர்த்திய தலைமயிரையும் அதனுடன் சேர்த்துக்கொண்டனர். 1953ஆம் ஆண்டு செப்டம்பரில் டெய்லி எக்ஸ்பிரஸ் நாளிதழ், எட்வர்டு என்னும் பெயரைச் சுருக்கி, அவர்களுக்கு 'டெடி பையன்கள்' என்று பெயர் சூட்டியது. தொழிலாளர் பிள்ளைகள் உடுத்தத் தொடங்கியதும், செல்வர்கள் அப்பாணியைக் கைவிட்டனர்.

இதுவரை நடந்தது சிம்மல் சொன்னபடியே நடந்ததுதான். ஆனால், அதன் பிறகு நடந்தது வேறு. அந்த இளைஞர்கள் செல்வரைப் பின்தொடர்ந்து அடுத்த பாணிக்கு ஓடவில்லை. தாம் எடுத்ததைத் தம் விருப்பப்படி மாற்றி, 'இது எங்களுடையது' என்று நிலைநிறுத்தினார்கள். தெருவுக்கென்று ஒரு மோஸ்தர் பிறந்துவிட்டது. மெருகேறாத மோஸ்தர் அது. ஆயினும், பிறர் கொடுத்ததன்று, தாமே ஆக்கிக்கொண்டது.

அவர்களெல்லாம் உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களுட் சிலர் கத்தியும் சங்கிலியும் ஏந்திச் சண்டையிட்டனர். 1958ஆம் ஆண்டு நாட்டிங் ஹில் பகுதியில், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்து குடியேறிய கறுப்பின மக்கள் தாக்கப்பட்டபோது, தாக்கியவர்களுள் டெடி பையன்களும் இருந்தார்கள். இந்தக் களங்கத்தை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால், சிலர் செய்த குற்றத்துக்காக அந்த ஆடை அணிந்த அத்தனை பேரையும் பத்திரிகைகள் போக்கிரிகள் என்றே எழுதின. ஆடையே குற்றத்தின் அடையாளம் ஆகிவிட்டது.

இந்நிலையில், 1955ஆம் ஆண்டு பிக்சர் போஸ்ட் என்னும் புகழ்பெற்ற வார இதழில் சில படங்கள் வெளிவந்தன. எடுத்தவர் கென் ரஸ்ஸல். பிற்காலத்தில் திரைப்பட இயக்குநராகப் பெயர் பெற்றவர். அப்போது இருபத்தெட்டு வயதைத் தொடும் இளைஞர். அவர் பையன்களைப் படம் எடுக்கவில்லை. எவரும் கவனியாதிருந்த டெடி பெண்களை எடுத்தார். வெல்வெட் கழுத்துப்பட்டை வைத்த ஆண்பிள்ளை மேலங்கி, கணுக்காலுக்கு மேல் மடித்துவிட்ட ஜீன்ஸ், கழுத்தில் பழங்காலத்துப் பதக்க ஊசி, கையில் ஒல்லியான குடை ஆகிய கோலத்தில் அப்பெண்கள் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் இருப்பது திரைச்சீலை அன்று. குண்டு விழுந்து இடிந்த சுவரும் குவிந்து கிடக்கும் செங்கல்லுமே. போர் முடிந்து பத்து ஆண்டுகள் ஆகியும் கிழக்கு லண்டனில் அந்த இடிபாடுகள் அகற்றப்படவில்லை.

அப்படங்களைப் பார்க்கும்போது, இடிபாட்டுக்கும் ஆடைக்கும் உள்ள தொடர்பு நமக்கு விளங்குகிறது. சுற்றிலும் எல்லாம் சிதைந்து கிடக்கும்போது, 'நான் சிதையவில்லை' என்று சொல்வதற்கு அந்தப் பெண்களிடம் இருந்த ஒரே சாதனம் ஆடைதான். அவர்கள் காமிராவைப் பார்க்கும் பார்வையில் கெஞ்சலும் இல்லை, அச்சமும் இல்லை. போக்கிரிக் கூட்டம் என்ற சொல்லால் மறைக்கப்பட்ட ஒரு கூட்டத்தை, தனித்தனி முகங்களாக மாற்றி நம் முன் நிறுத்தினார் ரஸ்ஸல். உருவப்படக் கலையின் தலையாய கடமை இதுவே. அப்படங்கள் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஒரு படக் காப்பகத்தில் எவர் கண்ணிலும் படாமல் கிடந்து, 2005ஆம் ஆண்டில் மீண்டும் வெளிப்பட்டன.

இங்கே உருவப்படக் கலையைப் பற்றி ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். அக்கலை பெரும்பாலும் கூடத்துக்குள் வளர்ந்தது. படம் எடுத்துக்கொள்பவர் தம்மிடமுள்ள நல்ல ஆடையை அணிந்து வருவார். கலைஞர் விளக்கை அமைப்பார், முகவாயைச் சற்றே உயர்த்தச் சொல்வார், தழும்பையும் சுருக்கத்தையும் பின்னர்த் தூரிகையால் மறைப்பார். உள்ளவாறு காட்டுவதினும், இருக்க விரும்பியவாறு காட்டுவதே அதன் இயல்பு. தெருவில் இவையெல்லாம் இயலா. ஒளி இருந்தபடி இருக்கும். காற்றும் கூட்டமும் கலைஞரின் சொல்லைக் கேட்கமாட்டா. கருவியும் இதற்கு இசைய வேண்டும் அல்லவா? 1954ஆம் ஆண்டில் கோடாக் நிறுவனம் டிரை-எக்ஸ் என்னும் விரைவுப் படச்சுருளைச் சிறிய காமிராக்களுக்கும் வெளியிட்டது. மங்கிய ஒளியிலும் விளக்கின்றிப் படம் பிடிக்க இத்தகைய சுருள்கள் உதவின. அவ்வாறு எடுத்த படங்களில் சிறு மணல் தூவியது போன்ற சொரசொரப்புத் தெரியும். முதலில் குறையாகக் கருதப்பட்ட அந்தச் சொரசொரப்பே, பின்னர் உண்மையின் முத்திரையாக மதிக்கப்பட்டது.

ரோஜர் மெயின் என்பார் ஆக்ஸ்போர்டில் வேதியியல் கற்றவர். அவர் 1956 முதல் 1961 வரை, மேற்கு லண்டனில் சவுத்தம் தெரு என்னும் ஒரே தெருவுக்கு மீண்டும் மீண்டும் சென்று, அங்கு விளையாடிய சிறுவரையும், கூடி நின்று பேசிய இளைஞரையும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களாக எடுத்தார். ஒருமுறை போய்ப் படம் பிடித்துக்கொண்டு மறைபவர் விருந்தாளி. ஐந்து ஆண்டுகள் சென்றுகொண்டிருப்பவர் பழகியவர். அவர் படங்களில் உள்ள இளைஞர்கள், படம் எடுப்பவரை ஒரு பொருட்டாகக் கருதாமல் இயல்பாக இருப்பதற்கு இதுவே காரணம். அத்தெருவின் பெரும்பகுதி பின்னர் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் டிரெலிக் டவர் என்னும் அடுக்குமாடிக் கட்டடம் எழுந்தது. தெரு போயிற்று, படம் நிற்கிறது.

நிற்க. தெருப் பாணி மேல்மாடிக்கு ஏறிய கதையை இனிக் காண்போம். பாரிஸ் நகரில் சேன் நதியின் இடது கரையில், காப்பிக் கடைகளிலும் நிலவறை இசைக்கூடங்களிலும் கூடிய இளைஞர்கள் கறுப்பு நிறத்தையே விரும்பி உடுத்தினர். தோல் மேலங்கியும் கழுத்தை மூடிய கம்பளிச் சட்டையும் அவர்களுடைய கோலம். 1960ஆம் ஆண்டு, தியோர் ஆடையகத்தின் தலைமைக் கலைஞராக இருந்த ஈவ் சான் லோரான், அந்தக் கோலத்தை அப்படியே செல்வச் சீமாட்டிகளின் முன் கொண்டுவந்து நிறுத்தினார். முதலைத்தோலில் தைத்து, விலையுயர்ந்த மென்மயிர் ஓரம் வைத்த கறுப்பு மேலங்கி அந்தத் தொகுப்பில் இருந்தது. வாடிக்கையாளர் முகம் சுளித்தனர். அவ்வாண்டிலேயே அவர் இராணுவச் சேவைக்கு அழைக்கப்பட, அவர் இடத்தில் வேறொருவர் அமர்த்தப்பட்டார். ஆயினும், அவர் தம் எண்ணத்தைக் கைவிடவில்லை. 1966ஆம் ஆண்டில் தம் பெயராலேயே ஆயத்த ஆடைக் கடை ஒன்றைத் திறந்து, அதற்கு 'இடது கரை' என்றே பெயரிட்டார்.

லண்டனில் 1955ஆம் ஆண்டு கிங்ஸ் ரோடு என்னும் வீதியில் கடை திறந்த மேரி குவாண்ட், குட்டைப் பாவாடையை உலகெங்கும் பரப்பியவர் என்று புகழ்பெற்றவர். ஆனால், அதனைக் கண்டுபிடித்தவர்கள் தம் கடை வீதியில் நடமாடிய இளம்பெண்களே என்று அவரே கூறினார். இந்த நேர்மை பாராட்டத்தக்கது.

அதே காலத்தில் தெரு மற்றொரு வழியாகவும் மேலே ஏறியது. டேவிட் பெய்லி, டெரன்ஸ் டோனவன், பிரயன் டஃபி என்னும் மூன்று இளைஞர்கள் மோஸ்தர்ப் படக் கலையில் புகுந்தனர். இவர்களுட் பெய்லியும் டோனவனும் கிழக்கு லண்டனில் எளிய குடும்பங்களில் பிறந்தவர்கள். பெய்லியின் தந்தை தையல் தொழிலாளி. அதுவரை மோஸ்தர்ப் படங்களில் அழகிகள் பளிங்குச் சிலை போல் நின்றார்கள். இவர்களோ, மாளிகையை விட்டு ஆலைப் பகுதிக்கும் நடைபாதைக்கும் சென்றனர். 1962ஆம் ஆண்டு பெய்லி, ஜீன் ஷ்ரிம்டன் என்னும் இளம்பெண்ணை வோக் இதழுக்காக நியூயார்க் தெருக்களில் நடக்கவிட்டு, போக்குவரத்து நெரிசலுக்கிடையே படம் பிடித்தார். 1965இல் அவர் வெளியிட்ட உருவப்படத் தொகுப்பில் பின்னணி வெறும் வெண்மைதான். முகம் சட்டத்தை முட்டிக்கொண்டு நிற்கிறது. தெருவில் ஒருவன் நம் முன்னே வந்து நின்று நேருக்கு நேர் பார்ப்பது போன்ற பாவனை அது. தெருவின் ஆடை மட்டுமன்று, தெருவின் பார்வையும் கலைக்கூடத்துக்குள் வந்துவிட்டது.

பத்தாண்டு சென்றபின், 1976, 1977 ஆகிய ஆண்டுகளில், லண்டனில் 'பங்க்' என்னும் கூட்டத்தார் தோன்றினர். நாட்டில் வேலையில்லாத் திண்டாட்டம் பெருகியிருந்த காலம் அது. கிழிந்த சட்டையை ஊக்கினால் கோத்து அணிந்தனர். தலைமயிரை முள்ளாக நிறுத்தினர். 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்பது நம் மூதுரை. அவர்களோ, கந்தையைக் கந்தையாகவே காட்டி, 'எங்கள் நிலை இதுதான்' என்று ஊராரை நேரே பார்க்கச் செய்தனர். அந்த 1977ஆம் ஆண்டிலேயே ஸாண்ட்ரா ரோட்ஸ் என்னும் ஆடைக் கலைஞர், மணி கோத்து அழகு செய்த ஊக்குகளையும், திட்டமிட்டு வெட்டிய கிழிசல்களையும் வைத்து விலையுயர்ந்த ஆடைகளைப் படைத்தார். இல்லாமையின் அடையாளமான ஊக்கு, இருப்பவரின் அணிகலன் ஆயிற்று! ஊக்கு ஒன்றுதான், ஆனால், அது சொன்ன செய்தி மாறிவிட்டது.

இத்தகைய மாற்றத்தின்போது எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதை ஒரு சிறிய பத்திரிகை உணர்ந்திருந்தது. வோக் இதழின் ஆங்கிலப் பதிப்பில் கலை இயக்குநராக இருந்து விலகிய டெரி ஜோன்ஸ், 1980ஆம் ஆண்டு 'ஐ-டி' என்னும் இதழைத் தொடங்கினார். தாள்களைக் கையால் அடுக்கிக் கம்பியிட்ட எளிய வெளியீடு அது. அதில் ஸ்டீவ் ஜான்ஸ்டன் போன்றோர் எடுத்த படங்கள் வெளிவந்தன. முறை மிக எளியது. தெருவில் செல்லும் ஓர் இளைஞனை நிறுத்தி, அருகிலுள்ள வெற்றுச் சுவரின் முன் நிற்கச் செய்து, தலை முதல் கால் வரை முழுதும் தெரியுமாறு நேரே படம் எடுப்பர். பிறகு, 'உன் பெயர் என்ன? இந்தச் சட்டை எங்கே கிடைத்தது? என்ன விலை? எந்த இசை உனக்குப் பிடிக்கும்?' என்பன போன்ற கேள்விகளைக் கேட்டு, அவன் சொன்ன விடையைப் படத்துடன் அச்சிடுவர்.

இந்த முறையின் நுட்பத்தைச் சற்றே சிந்தியுங்கள். சுவர் வெறுமையாக இருப்பதால் கண் சிதறுவதில்லை. காமிரா கீழிருந்து நோக்கி அவனைப் பெரியவனாக்கவும் இல்லை. மேலிருந்து நோக்கிச் சிறியவனாக்கவும் இல்லை. முழு உருவமும் தெரிவதால், விலை மலிந்த காலணியும் பழைய காற்சட்டையும் மறைவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தில் இருப்பவனுக்குப் பேச இடம் தரப்படுகிறது. இன்று உலகெங்கும் வெளிவரும் தெருப் பாணிப் படங்கள் பலவும் இந்த எளிய முறையின் வழிவந்தவையே. பெரிய ஆடையகங்களின் விளம்பரங்களும், வெற்றுச் சுவரையும் நேர்ப் பார்வையையும் பின்பற்றலாயின. ஆனால், அவற்றில் கேள்வியும் விடையும் பெரும்பாலும் விடுபட்டுப் போயின.

இங்கேதான் ஓர் ஆபத்தும் நுழைந்தது. 1990ஆம் ஆண்டு ஜூலையில் 'தி ஃபேஸ்' என்னும் லண்டன் இதழின் அட்டையில், பதினாறு வயதான கேட் மாஸ் என்னும் பெண்ணின் படம் வந்தது. எடுத்தவர் கொரின் டே. பூச்சில்லாத முகமும் கள்ளமற்ற சிரிப்புமாக இருந்த அந்தத் தோற்றம், பகட்டில் சலித்திருந்தவர்களுக்குப் புத்துணர்ச்சி அளித்தது. எனினும், அந்த எளிமையே வியாபாரம் ஆனபோது, நிலைமை மாறியது. மெலிந்த உடலும், கண்ணுக்குக் கீழே கருவளையமும், ஒழுங்கற்ற அறையும் வேண்டுமென்றே அமைக்கப்பட்டன. போதைப்பொருளுக்கு அடிமையானவரைப் போன்ற தோற்றமே ஒரு மோஸ்தராக விற்கப்பட்டது. இத்தகைய படங்கள் எடுத்து வந்த இளம் கலைஞர் ஒருவரே 1997இல் மறைந்தபோது, அவர் மரணம் போதைப்பழக்கத்துடன் தொடர்புபடுத்திப் பேசப்பட்டது. அவ்வாண்டு அமெரிக்க அதிபர் கிளிண்டன் இந்தப் போக்கை வெளிப்படையாகக் கண்டித்தார். மெருகின்மையும் ஒரு வேடமாகலாம் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. மெருகேறாத படமெல்லாம் உண்மையான படம் என்று மாணவர்கள் மயங்கலாகாது.

இனி நியூயார்க் நகருக்கு வருவோம். அங்கே ஜமேல் ஷபாஸ் என்னும் கறுப்பினக் கலைஞர், 1980ஆம் ஆண்டு இராணுவச் சேவை முடிந்து தம் ஊராகிய புரூக்ளினுக்குத் திரும்பினார். பிற்காலத்தில் சிறைக் காவல் அலுவலராகப் பணிபுரிந்தவர் அவர். தம்மைவிட இளையவர்கள் சண்டையிலும் போதையிலும் அழிவதைக் கண்டு வருந்தி, காமிராவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குச் சென்றார். இளைஞரைக் கண்டால் உடனே படம் எடுக்கமாட்டார், முதலில் பேசுவார், எதிர்காலத்தைப் பற்றிக் கேட்பார், பிறகே படம். சட்டை, தொப்பி, காலணி ஆகியவற்றின் நிறங்களைப் பொருத்தி, மடிப்புக் கலையாமல் உடுத்திய அந்த இளைஞர்கள், சுரங்க ரயில் நிலையத்திலும் நடைபாதையிலும் அரசகுமாரர் போல் நிற்கிறார்கள். அவருடைய படங்கள் 2001ஆம் ஆண்டில் நூலாக வந்தபின், ஆடைக் கலைஞர்களும் திரைத்துறையினரும் அக்காலத்துத் தோற்றத்தை அறிய அதனைத் தேடிச் சென்றனர். ஆனால், ஷபாஸ் ஆடைக்காக அப்படங்களை எடுத்தவர் அல்லர், ஆளுக்காக எடுத்தவர்.

அதே நகரின் ஹார்லம் பகுதியில், டாப்பர் டான் என்று அழைக்கப்படும் தையற்கலைஞர் 1982ஆம் ஆண்டு கடை வைத்தார். பெரிய ஆடையகங்களின் முத்திரைகளை அவர்களுடைய அனுமதியின்றியே தோலில் அச்சிட்டு, இசைக் கலைஞருக்கும் விளையாட்டு வீரருக்கும் புதுமையான மேலங்கிகள் தைத்தார். வழக்குகள் வந்தன, 1992இல் கடை மூடப்பட்டது. கால் நூற்றாண்டு கழிந்தது. 2017ஆம் ஆண்டில் குச்சி என்னும் இத்தாலிய ஆடையகம் காட்சிக்கு வைத்த ஒரு மேலங்கி, அவர் 1980களில் தைத்ததை ஒத்திருந்தது. பலர் கண்டனம் எழுப்பினர். அதன் பின்னர் அந்நிறுவனம் அவருடன் உடன்பாடு செய்துகொண்டது. 2018இல் அவருக்கு ஹார்லத்தில் மீண்டும் தையற்கூடம் அமைந்தது. அவர் நிறுவனங்களின் முத்திரையை எடுத்தார். நிறுவனம் அவருடைய வடிவத்தை எடுத்தது. முன்னதைக் களவு என்றவர்கள், பின்னதை மரியாதை என்றார்கள். எது களவு, எது மரியாதை என்பதை நீங்களே விவாதித்து அறிய வேண்டும். ஒன்று மட்டும் உறுதி. அந்த வடிவத்தைப் படைத்தவர் யார் என்பதற்குப் பழைய நிழற்படங்கள் சாட்சியாக நின்றன.

இதுவரை சொன்னவற்றைத் தொகுத்துப் பார்ப்போம். தெருப் பாணி மூன்று வழிகளில் மேலே சென்றது. ஆடையாக ஆடையகத்துக்குச் சென்றது. பார்வையாகக் கலைக்கூடத்துக்குச் சென்றது. இறுதியில், வரலாறாக அருங்காட்சியகத்துக்கும் சென்றது. லண்டனில் உள்ள விக்டோரியா - ஆல்பர்ட் அருங்காட்சியகம் 1994ஆம் ஆண்டில் தெருப் பாணிக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது. இப்பயணத்தில் ஆடை எளிதில் இடம் மாறுகிறது. ஆள் எளிதில் உதிர்ந்து போகிறான். ஊக்கு கடைக்குப் போய்விடும். ஊக்கைக் குத்திக்கொண்டவன் தெருவிலேயே நிற்பான். அவனை உதிர விடாமல் காப்பாற்றும் ஆற்றல் நல்ல உருவப்படத்துக்கு உண்டு.

இதனை நான் வலியுறுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. 2004ஆம் ஆண்டில் நான் தலைமையாசிரியராக இருந்தபோது, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் குழுப்படம் எடுக்க ஏற்பாடாயிற்று. ஒரு மாணவன் தலைமயிரைக் குத்திட்டு நிறுத்தி, காற்சட்டையின் இருபுறமும் பெரிய பைகளைத் தானே தைத்துக்கொண்டு வந்திருந்தான். 'இந்தக் கோலத்தில் படத்தில் நிற்கக் கூடாது' என்று சொல்லி அவனை வெளியே அனுப்பினேன். மறுவார்த்தை பேசாமல் போய்விட்டான். அந்தப் படம் இன்னும் என் வீட்டில் இருக்கிறது. எண்ணிப் பார்த்தால், வரிசையில் நாற்பத்திரண்டு பேர். வருகைப் பதிவேட்டில் இருந்தவர் நாற்பத்து மூவர். ஓய்வு பெற்றபின், நூலகத்தில் டெடி பெண்களின் படத்தைக் கண்ட நாளில், அந்த மாணவனுடைய முகத்தை நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன். காற்சட்டைப் பை நினைவுக்கு வந்தது, தையல் வெகு நேர்த்தியாக இருந்ததும் நினைவுக்கு வந்தது, முகம் வரவில்லை. நான் அன்று பார்த்தது பாதியைத்தான்.

சீருடை வேண்டாம் என்று இதனால் நான் சொல்லவில்லை. செல்வர் வீட்டுப் பிள்ளையையும் ஏழை வீட்டுப் பிள்ளையையும் ஒரே வரிசையில் சமமாக நிறுத்துவது சீருடை; அதன் பயனை நன்கு அறிந்தவன் நான். அவனிடம் தலையை வாரிக்கொண்டு வரச் சொல்லியிருக்கலாம். பத்து நிமிடம் காத்திருந்திருக்கலாம். 'இந்தத் தையலை எங்கே கற்றாய்?' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒழுங்கை நிலைநாட்டுவதற்கு ஒருவனைப் படத்திலிருந்தே நீக்க வேண்டியதில்லை.

மாணவ நண்பர்களே, ரஸ்ஸலுக்கும் ஷபாஸுக்கும் காமிரா அரிய கருவியாக இருந்தது. இன்றோ உங்களில் பலருடைய சட்டைப் பையிலேயே கைப்பேசி வடிவில் அது இருக்கிறது. ஆகவே, அவர்களுடைய பொறுப்பும் உங்களிடம் வந்துவிட்டது. பிறரைப் படம் எடுக்கும்போது, முதலில் அவருடைய இசைவைக் கேளுங்கள். இயன்றால் இரண்டு வார்த்தை பேசுங்கள். நகைப்புக்காக ஒருவருடைய கோலத்தைப் படம் பிடித்துப் பரப்பாதீர்கள். உங்களை நீங்களே படம் எடுத்துக்கொள்ளும்போது, முகத்தின் பருவையும் தழும்பையும் கருவி கொண்டு துடைத்து, எல்லோரையும் போன்ற ஒரு முகத்தை உண்டாக்கிக்கொள்ளாதீர்கள். ஆடையில் புதுமை வேண்டுமா? தாராளமாகச் செய்யுங்கள். ஆனால், பிறர் விற்கும் கிழிசலை விலை கொடுத்து வாங்குவதைவிட, உங்கள் கையாலேயே ஒரு தையல் போடுவது மேலானது.

ஆள் பாதி, ஆடை பாதி. ஆடையைப் பார்க்க ஒரு நொடி போதும். ஆளைப் பார்க்கச் சற்று நேரம் நிற்க வேண்டும். அந்தச் சிறிது நேரத்தைப் பிறருக்கு அளிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.